அமெரிக்கச் சாலைகளில் அயல்நாட்டுச் சிறு கார்கள்

பழம்பொருள்களைப் பேணும் பழக்கம் எல்லா நாட்டு மக்களிடமும் உண்டு. சிலர் நாணயங்களைச் சேர்ப்பர். சிலர் அஞ்சல் தலைகளைச் சேர்ப்பர். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ பழைய மோட்டார் கார்களைப் பேணுவோர் பல்லாயிரவர். 1935-ஆம் ஆண்டிலேயே பிலடெல்பியா நகரில் இதற்கென ஒரு சங்கம் தோன்றிவிட்டது. இத்தகைய ஆர்வலர்கள் நடத்தும் கண்காட்சிகளில் முதலிடம் பெறுவன பெரும்பாலும் 1950-களில் டெட்ராய்ட் தொழிற்சாலைகள் உருவாக்கிய பெருங்கார்களே. 1959-ஆம் ஆண்டின் காடிலாக் கார் 225 அங்குல நீளம் உடையது. அஃதாவது 18 அடி 9 அங்குலம். அதன் பின்புறத்தில் மீனின் துடுப்புகளைப்போல் இரண்டு தகடுகள் உயர்ந்து நிற்கும். முகப்பெல்லாம் வெள்ளி முலாம் பூசியதுபோல் பளபளக்கும்.

ஆனால் அந்த ஆர்வலர்களே தங்கள் இளமைக் காலத்தை நினைவுகூரும்பொழுது வேறொரு வகை வண்டிகளும் அவர்கள் பேச்சில் இடம்பெறுகின்றன. கல்லூரியில் படித்த காலத்தில் ஓட்டியது, மணமான புதிதில் சேமித்த பணத்தில் வாங்கியது, தாயார் கடைத்தெருவுக்குச் சென்றுவர வைத்திருந்தது என்று அவர்கள் குறிப்பிடும் வண்டிகள் பல அமெரிக்காவில் செய்யப்பட்டவையே அல்ல. இங்கிலாந்து, செருமனி, பிரான்சு, இத்தாலி, பின்னர் ஜப்பான் ஆகிய நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த சிறு கார்கள் அவை. விலை குறைவு; பெட்ரோல் செலவும் குறைவு. பெருங்கார்களின் நடுவே அவை யானைக் கூட்டத்தில் புகுந்த ஆட்டுக்குட்டிகளைப்போல் ஓடின.

அவ்வாறு வந்த கார்களின் வகை பலப்பல. ஆனால் நிலைத்தவை மிகச் சிலவே. ஏறத்தாழ ஒரே விலையில், ஒரே அளவில், ஒரே காலத்தில் வந்தவற்றுள் ஒன்று வாழ்ந்ததும் மற்றொன்று வீழ்ந்ததும் ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடுவோருக்கு மோட்டார்த் தொழிலுக்கு மட்டுமன்றி எல்லா வாணிகத்துக்கும் பொருந்தும் ஓர் உண்மை புலப்படும்.

போருக்குப் பின்

இரண்டாம் உலகப் போரின்பொழுது, 1942-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்கத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கான கார்களைச் செய்வதை நிறுத்திவிட்டன. 1945-இல் மீண்டும் வேலை தொடங்கியது. ஏறத்தாழ நான்காண்டுக் காலம் புதிய கார் காணாத மக்கள், கையில் பணத்தை வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தனர். அந்த இடைவெளியில்தான் அயல்நாட்டுக் கார்களுக்கு முதல் வாய்ப்புக் கிடைத்தது.

போரில் பொருளெல்லாம் இழந்து கடன்பட்டிருந்த இங்கிலாந்துக்கு டாலர் நாணயம் இன்றியமையாததாக இருந்தது. வெளிநாடுகளுக்கு மிகுதியாக விற்கும் தொழிற்சாலைகளுக்கே எஃகு மிகுதியாக ஒதுக்கப்படும் என்று அந்நாட்டு அரசாங்கம் விதித்தது. ஆகவே ஆஸ்டின், மோரிஸ், ஹில்மன் முதலிய நிறுவனங்கள் அமெரிக்காவை நோக்கிக் கார்களை அனுப்பின. 1947-இல் வெளிவந்த ஆஸ்டின் ஏ-40, 1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனர் ஆகியவை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த அக்காலத்து மக்களுக்கும் நன்கு அறிமுகமானவையே. 1949 செப்டம்பரில் பவுன் நாணயத்தின் மதிப்பு 4 டாலர் 3 காசிலிருந்து 2 டாலர் 80 காசாகக் குறைக்கப்பட்டது. அதனால் ஆங்கிலேயக் கார்கள் அமெரிக்கரின் கைக்கு இன்னும் எட்டிய விலைக்கு வந்தன.

எனினும் அவை ஆழமாக வேரூன்றவில்லை. குறுகிய சாலைகளும் சிற்றூர்களும் நெருங்கிய ஒரு தீவில் ஓடுவதற்காக அமைந்தவை அவை. அமெரிக்காவிலோ ஒரு மாநிலத்தைக் கடப்பதற்கே ஒரு பகல் வேண்டும். மணிக்கு 60 மைல் வேகத்தில் நாள்முழுதும் ஓட்டினால் சிறிய எந்திரங்கள் களைத்துப்போயின. வட மாநிலங்களின் கடுங்குளிரும் தென்மேற்கின் பாலைவன வெப்பமும் வேறு அவற்றை வாட்டின. எந்திரம் பழுதுற்றால் உதிரிச் சாமான்கள் கடல் கடந்து வரவேண்டும். இதற்கிடையே டெட்ராய்ட் நகரம் தன் முழு வலிமையோடு கார்களைச் செய்து குவிக்கத் தொடங்கியது. காத்திருந்த மக்கள் மீண்டும் உள்நாட்டுக் கார்களை நாடினர்.

சிறு கார்களைச் செய்ய அமெரிக்கர்கள் முயலவில்லை என்பதற்கில்லை. வானொலிப் பெட்டிகளும் குளிர்ப் பெட்டிகளும் செய்து பெரும்பொருள் ஈட்டிய சின்சினாட்டி நகரத்துப் பவல் கிராஸ்லி என்பார், 1939-ஆம் ஆண்டில் ஒரு சிறு காரை வெளியிட்டார். அதனை முதலில் பேரங்காடிகளிலேயே வைத்து விற்றார். போருக்குப்பின் அதில் பொருத்திய எந்திரத்தின் உடற்பகுதி எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து ஆக்கப்பட்டது. எடை குறைவுதான், ஆனால் உள்ளே ஓடும் நீர் அத்தகட்டை அரித்துவிட்டது. 1949-இல் வார்ப்பிரும்புக்கு மாறினார். அதற்குள் நல்ல பெயர் கெட்டுவிட்டது. 1952-இல் அவர் கார்த் தொழிலையே விட்டுவிட்டார். அப்பொழுது அமெரிக்காவின் பெரிய நிறுவனத்தார் தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தனர்: சிறு காரை அமெரிக்கர்கள் விரும்புவதில்லை என்பதே அம்முடிவு. அது தவறான முடிவு என்பதைக் காலம் காட்டியது.

இங்கிலாந்தில் பிறந்த அமெரிக்கக் கார்

அம்முடிவை ஏற்காதவர் நாஷ் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மேசன். அமெரிக்க நகரங்களைச் சுற்றிப் புறநகர்கள் பெருகிவந்த காலம் அது. கணவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குச் சென்றுவிட்டால், வீட்டிலிருப்போர் கடைக்கோ பள்ளிக்கோ செல்ல வழியில்லை. ஆகவே ஒரு குடும்பத்துக்கு இரண்டாவதாக ஒரு சிறு கார் தேவைப்படும் என்று அவர் கணித்தார். 1950-ஆம் ஆண்டில் ஒரு மாதிரி வண்டியைச் செய்து, ஊர் ஊராகக் கொண்டு சென்று, பொதுமக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்.

கருத்து ஊக்கமளித்தது. ஆனால் அமெரிக்காவிலேயே புதிய அச்சுகளும் எந்திரங்களும் அமைத்துச் செய்தால் விலை கட்டுப்படியாகாது எனத் தெரிந்தது. ஆகவே இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். பர்மிங்காமை அடுத்த லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் ஆஸ்டின் எந்திரத்தைப் பொருத்தி அக்கார் உருவாயிற்று. 1954-இல் மெட்ரோபாலிட்டன் என்னும் பெயரோடு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சக்கரங்களுக்கிடையே உள்ள தொலைவு 85 அங்குலமே. முன்னால் இருவர் உட்காரலாம், பின்னிருக்கை பெயருக்குத்தான். சாமான் வைக்கும் அறைக்கு முதலில் வெளிக்கதவே கிடையாது. பின்னிருக்கையின் முதுகை மடக்கித்தான் பெட்டிகளை உள்ளே தள்ளவேண்டும். 1959-இல்தான் வெளிக்கதவு வைத்தார்கள். அதன்மீது இரு வண்ணங்கள் பூசியிருப்பர். பார்ப்பவர்கள் பொம்மைக் கார் என்று சிரிப்பதும் உண்டு. இருப்பினும் 1962 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 95 ஆயிரம் கார்கள் விற்றன.

இங்குக் கருதத்தக்கது ஒன்று. இக்கார் அயல்நாட்டில் பிறந்ததாயினும், அதனை விற்றவர்கள் ஊர்தோறும் இருந்த நாஷ், ஹட்சன் விற்பனையாளர்கள். பழுதுற்றால் எங்கே செல்வது என்ற திகைப்பு அதனை வாங்கியவர்களுக்கு ஏற்படவில்லை.

வண்டு வந்த கதை

செருமனியின் வோல்க்ஸ்வாகன் காருக்கு மக்கள் இட்ட பெயர் வண்டு. உருண்டை முதுகும் கூனிய முன்புறமும் கொண்ட அதன் தோற்றம் அப்பெயருக்குப் பொருந்தியது. அதன் பிறப்போ பெருமைக்குரியதன்று. ஃபெர்டினாண்ட் போர்ஷே வரைந்த திட்டத்தை நாஜி ஆட்சி ஏற்று நடத்தியது. 1938-இல் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. போரில் அத்தொழிற்சாலை குண்டுவீச்சுக்கு ஆளாயிற்று. போர் முடிந்தபின் அவ்வட்டாரம் பிரிட்டிஷ் படையின் ஆளுகைக்குள் வந்தது. மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரி இடிபாடுகளுக்கிடையே மீண்டும் கார் செய்யும் வேலையைத் தொடங்கிவைத்தார். 1948 சனவரியில் ஹைன்ரிக் நார்டாஃப் என்னும் செருமானியப் பொறியியலாளர் தலைமைப் பொறுப்பேற்றார்.

1949 சனவரியில் பென் போன் என்ற டச்சு வாணிகர் ஒரு வண்டுக் காரை நியூ யார்க் நகருக்குக் கப்பலில் கொண்டு சென்றார். வாங்கி விற்க முன்வருவோர் இல்லை. அவ்வாண்டு அமெரிக்காவில் விற்ற வண்டுக் கார்கள் இரண்டே இரண்டு. போர் முடிந்து நான்காண்டுகூட நிறையவில்லை; பகைவர் நாட்டுப் பொருள் என்ற வெறுப்பு மாறவில்லை. தோற்றமும் அமெரிக்கர் கண்ணுக்கு விந்தையாக இருந்தது.

ஆனால் செருமனியில் படைப்பணி செய்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் பலர் அக்காரின் உழைப்பை நேரில் கண்டிருந்தனர். சிலர் ஒன்றை வாங்கித் தங்களோடு ஊருக்கே கொண்டு வந்தனர். எந்திரம் பின்புறத்தில், காற்றினாலேயே அது குளிர்ந்துகொள்ளும். தண்ணீர் இல்லாததால் பனிக்காலத்தில் உறைவதும் இல்லை, கோடையில் கொதிப்பதும் இல்லை. 36 குதிரைத் திறன்தான். ஆயினும் எந்திரம் தன்னால் இயன்ற உச்ச வேகத்தில் நாள்முழுதும் ஓடினாலும் கெடாதவாறு அமைக்கப்பட்டிருந்தது. ஒரு காலன் பெட்ரோலுக்கு 30 மைலுக்கு மேல் ஓடியது. பெட்ரோல் அளவு காட்டும் கருவிகூட அதில் நெடுங்காலம் இல்லை. எண்ணெய் தீர்ந்து எந்திரம் திணறினால், காலடியில் உள்ள சிறு திருகியைத் திருப்பவேண்டும். தேக்கி வைத்த கடைசி எண்ணெய் வந்து சேரும். அதற்குள் ஒரு எண்ணெய் நிலையத்தை அடைந்துவிட வேண்டும். இத்திருகியை நினைவுகூராத பழைய வண்டுக்காரர் இல்லை எனலாம்.

1955-இல் நிறுவனமே தன் கிளை ஒன்றை அமெரிக்காவில் நிறுவியது. அவ்வாண்டில் விற்பனை ஏறத்தாழ 30 ஆயிரத்தை எட்டியது. இரண்டு எங்கே, முப்பதாயிரம் எங்கே!

பொருளாதாரத் தளர்ச்சி திறந்த கதவு

1957-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பொருளாதாரம் தளர்ச்சியுற்றது. 1957-இல் ஏறத்தாழ 60 இலட்சமாக இருந்த புதிய கார்களின் விற்பனை 1958-இல் 46 இலட்சத்தளவுக்கு இறங்கியது. ஃபோர்டு நிறுவனம் பெரும்பொருள் செலவிட்டு 1957 செப்டம்பரில் வெளியிட்ட எட்சல் என்னும் பெரிய கார், இரண்டே ஆண்டில் கைவிடப்பட்டது. அதே வேளையில் சிக்கனமான கார்களுக்கு வரவேற்புப் பெருகியது. மேசனுக்குப்பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் ராம்னி, பெருங்கார்களைப் பெட்ரோல் விழுங்கும் தொல்விலங்குகள் என்று நாடெங்கும் எள்ளி நகையாடி, தம் நிறுவனத்தின் ராம்ப்ளர் கார்களை விற்றார்.

அயல்நாட்டுக் கார்களின் வெள்ளம் பாய்ந்தது இக்காலத்தில்தான். 1955-இல் மொத்த விற்பனையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்த அவற்றின் பங்கு, 1959-இல் நூற்றுக்குப் பத்தாக உயர்ந்தது. அவ்வாண்டு விற்றவை 6 இலட்சத்துக்கும் மேல். செருமனியின் வோல்க்ஸ்வாகன், ஓபல், பிரான்சின் ரெனோ, சிம்கா, இத்தாலியின் ஃபியட், இங்கிலாந்தின் ஹில்மன், மோரிஸ், ஃபோர்டு ஆங்கிலியா என்று பட்டியல் நீண்டது. முன்புறமே கதவாகத் திறக்கும் ஐசெட்டா என்னும் முட்டை வடிவ வண்டியும் அவற்றோடு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன் ஐரோப்பியக் கிளைகளிலிருந்து ஓபல், வாக்ஸ்ஹால் கார்களை வரவழைத்துத் தன் கடைகளில் விற்றது. சிறு காரை அமெரிக்கர்கள் விரும்புவதில்லை என்ற முடிவுக்கு என்ன ஆயிற்று என்பது சொல்லாமலே விளங்கும்.

இளவரசியின் எழுச்சியும் வீழ்ச்சியும்

அவ்வெள்ளத்தில் வண்டுக்கு நேர்ப் போட்டியாக எழுந்தது பிரெஞ்சு நாட்டு ரெனோ நிறுவனத்தின் டோஃபின். பட்டத்து இளவரசரின் துணைவி என்பது அப்பெயரின் பொருள். 1956-இல் அறிமுகமான அக்கார், பெயருக்கேற்ப அழகியது. வண்டுக்கு இரண்டே கதவுகள், டோஃபினுக்கு நான்கு. நகரத்துக்கு மெல்லொலியும் நாட்டுப்புறத்துக்கு வல்லொலியும் எழுப்பும் இரட்டை ஊதுகுழல்கூட அதில் உண்டு. 845 கன செண்டிமீட்டர் எந்திரம் பின்புறத்தில் இருந்தது. விலையும் பெட்ரோல் செலவும் வண்டினுடையவற்றை ஒத்தன. 1959-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ ஓர் இலட்சம் டோஃபின் கார்கள் விற்றன. வண்டை இது முந்திவிடும் என்று எண்ணியவர்கள் பலர்.

ஆனால் சில ஆண்டுகளில் அது சரிந்தது. காரணங்கள் பல. அமெரிக்க வட மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியைக் கரைக்க உப்புத் தூவுவது வழக்கம். அவ்வுப்பு டோஃபினின் மெல்லிய தகடுகளைத் துருவாக்கியது. 1956 சூன் திங்களில் அதிபர் ஐசன்ஹோவர் ஒப்பமிட்ட சட்டத்தின்படி 41 ஆயிரம் மைல் நீளப் பெருஞ்சாலைகள் அமையத் தொடங்கியிருந்தன. அச்சாலைகளில் வேகமாக ஓடும் பெருங்கார்களோடு இணைந்து செல்ல அதன் எந்திரத்துக்கு ஆற்றல் போதவில்லை. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட அரை நிமிடத்துக்கும் மேலாயிற்று.

இவையெல்லாவற்றினும் பெருங்குறை ஒன்று உண்டு. விற்பனை பெருகவேண்டும் என்ற ஆவலில் புதிய கடைகள் விரைந்து திறக்கப்பட்டன. அவற்றுட் பலவற்றில் அக்காரின் எந்திரத்தை அறிந்த மெக்கானிக்குகள் இல்லை. போதிய உதிரிச் சாமான்களும் இல்லை. ஒரு சிறு உறுப்புக்காகக் கார் வாரக்கணக்கில் பட்டறையில் கிடந்தால், அதனை நம்பி வேலைக்குச் செல்லும் குடும்பத்தின் நிலை என்னவாகும்? பொறுமை இழந்தோர் அண்டை வீட்டாரிடம் சொல்லாமல் இருப்பரோ?

அந்நேரத்தில் டெட்ராய்ட் நகரமும் விழித்துக்கொண்டது. 1959 இலையுதிர் காலத்தில் செவர்லே கார்வேர், ஃபோர்டு ஃபால்கன், பிளிமத் வேலியண்ட் ஆகிய மூன்று நடுத்தர அளவுக் கார்கள் வெளிவந்தன. ஃபால்கன் முதலாண்டிலேயே 4 இலட்சத்துக்கு மேல் விற்றது. நூற்றுக்குப் பத்தாக இருந்த அயல்நாட்டுக் கார்களின் பங்கு 1962-இல் ஐந்தளவுக்குக் குறைந்தது. வெள்ளம் வந்த வேகத்திலேயே வடிந்தது. பல நிறுவனங்களின் கடைகள் மூடப்பட்டன. அவர்களிடம் கார் வாங்கியவர்கள் நட்டாற்றில் விடப்பட்டனர்.

இந்த வீழ்ச்சியிலும் வீழாதது வண்டு ஒன்றே. வீழாதது மட்டுமன்று, ஆண்டுதோறும் வளர்ந்தது. 1962-இல் அமெரிக்காவுக்கு வந்த அயல்நாட்டுக் கார்களில் பாதிக்கு மேற்பட்டவை வோல்க்ஸ்வாகன்களே.

விளம்பரமா, பராமரிப்பா?

வண்டின் வெற்றிக்கு விளம்பரமே காரணம் என்று கூறுவோர் உளர். 1959-இல் நியூ யார்க் நகரின் டாயில் டேன் பெர்ன்பாக் என்னும் விளம்பர நிறுவனம் அப்பணியை ஏற்றது. அதன் தலைவர்களுள் ஒருவரான வில்லியம் பெர்ன்பாக் யூதர் குடியில் பிறந்தவர். நாஜிகளின் திட்டத்தில் பிறந்த காருக்கு அவர் விளம்பரம் எழுதுவித்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. வெற்றுத் தாளின் ஒரு மூலையில் சின்னஞ்சிறு காரின் படம். சிறியதை எண்ணிப் பாருங்கள் என்ற பொருளில் இரு சொற்கள். மற்றொரு விளம்பரத்தில் காரின் படத்துக்குக் கீழே எலுமிச்சை என்று பொருள்படும் ஒரே சொல். உருப்படாத காரை அமெரிக்கர்கள் அப்பெயரால்தான் இகழ்வர். உள்ளே ஒரு மெருகுப் பட்டையில் சிறு மாசு இருந்தமையால் அந்தக் காரைத் தொழிற்சாலையே கழித்துவிட்டது என்று கீழே விளக்கம். பெருமை பேசிப் பழகிய விளம்பர உலகில் இத்தகைய நேர்மை புதுமையாக இருந்தது.

அவ்விளம்பரங்கள் சிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கால வரிசையை நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகும். 1955-இலேயே வண்டு ஆண்டுக்கு முப்பதாயிரம் விற்றது. 1959-இல் அவ்விளம்பரம் தொடங்கு முன்னரே அதன் விற்பனை ஓர் இலட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. விளம்பரம் வளர்ச்சியை விரைவுபடுத்தியது. வளர்ச்சியைப் பிறப்பித்தது வேறொன்று.

விலை குறைவு காரணமா? டோஃபினின் விலையும் அதே அளவுதான். பெட்ரோல் சிக்கனமா? அதிலும் டோஃபின் தாழ்ந்ததன்று. அழகா? அழகில் இளவரசியே முந்தி. ஆகவே இம்மூன்றும் விடையாகா. எஞ்சி நிற்பது பராமரிப்பு ஒன்றே.

நார்டாஃபின் கொள்கை எளியது. ஓர் ஊரில் கார் விற்கு முன்னர் அவ்வூரில் அதனைப் பழுதுபார்க்கும் பட்டறை அமையவேண்டும். பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் இருக்கவேண்டும். உதிரிச் சாமான்கள் அடுக்கில் நிறைந்திருக்கவேண்டும். இவற்றுக்கு இசையாதவர்களுக்கு விற்பனை உரிமை எளிதில் கிடைக்கவில்லை. இதனால் வாங்க வந்தோர் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. வாணிகக் கண்கொண்டு பார்ப்போருக்கு இது மடமையாகத் தோன்றலாம். பின்னர் நடந்தவை இதன் அறிவுடைமையைக் காட்டின.

மற்றொரு சிறப்பும் உண்டு. டெட்ராய்ட் நிறுவனங்கள் ஆண்டுதோறும் காரின் உருவத்தை மாற்றின. சென்ற ஆண்டுக் கார் பழசாகத் தோன்றினால்தானே மக்கள் புதியதை வாங்குவர்? வண்டோ உருவம் மாறவில்லை. உள்ளுறுப்புகளில் மட்டும் சிறுசிறு திருத்தங்கள் செய்யப்பட்டன. புதிய உறுப்புகளில் பல பழைய காருக்கும் பொருந்தின. ஐந்தாண்டு கழித்து விற்றாலும் நல்ல விலை கிடைத்தது. தேர் எத்துணைப் பெரிதாயினும் சிறிதாயினும் அச்சாணி இல்லாமல் ஓடாது. வண்டுக் காருக்கு அச்சாணி அந்த உதிரிச் சாமான் அடுக்குகளே.

1968-இல் அமெரிக்காவில் விற்ற வண்டுக் கார்கள் 4 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல். 1972 பிப்ரவரி 17-ஆம் நாள், உலகில் செய்யப்பட்ட வண்டுக் கார்களின் தொகை 1 கோடியே 50 இலட்சத்து 7 ஆயிரத்து 34 ஆயிற்று. ஹென்றி ஃபோர்டின் புகழ்பெற்ற மாடல்-டி காரின் தொகையை அது அன்று கடந்தது.

கிழக்கிலிருந்து வந்த மாணவர்கள்

ஐரோப்பியர்கள் பெற்ற பாடத்தைக் கூர்ந்து கற்றவர்கள் ஜப்பானியர். 1957-இல் டொயோட்டா நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தன் கிளையைத் தொடங்கியது. அது கொண்டுவந்த டொயோபெட் கிரவுன் கார், ஜப்பானின் கரடுமுரடான சாலைகளுக்கு ஏற்ற உறுதியுடையது. ஆனால் கலிபோர்னியாவின் பெருஞ்சாலைகளில் வேகமாக ஓட்டினால் நடுங்கியது, எந்திரம் சூடேறியது. 1958-ஆம் ஆண்டு முழுவதிலும் 287 கிரவுன் கார்களே விற்றன. சில ஆண்டுகளில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

பிறர் கடையை மூடிக்கொண்டு போனது போல் அவர்கள் போய்விடவில்லை. லாண்ட் குரூசர் என்னும் கரடுமுரடான வண்டியை மட்டும் விற்று, விற்பனையாளர்கள் சிலரையாவது தக்க வைத்துக்கொண்டனர். அமெரிக்கச் சாலைகளுக்கேற்ப வலிமை கூட்டிய கொரோனா என்னும் காரை 1965-இல் கொண்டுவந்தனர். 1968-இல் கொரோலா வந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையைத் தடைசெய்தபொழுது, அமெரிக்க எண்ணெய் நிலையங்களில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. அந்த வேளையில் சிக்கனமான காரும், அதனைப் பேணும் பட்டறையும் ஊர்தோறும் ஆயத்தமாக இருந்தன. 1975-இல் அயல்நாட்டுக் கார்களுள் முதலிடத்தை வோல்க்ஸ்வாகனிடமிருந்து டொயோட்டா பெற்றது. 1980-இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை அயல்நாட்டில் செய்யப்பட்டவை.

ஜப்பானியர் அனைவரும் முதலிலிருந்தே இப்பாடத்தைக் கற்றிருந்தனர் என்று கூற இயலாது. 1968-இல் மால்கம் பிரிக்ளின் என்னும் அமெரிக்கர், சுபாரு 360 என்னும் மிகச் சிறிய ஜப்பானியக் காரை இறக்குமதி செய்தார். விலை 1,297 டாலர். எந்திரம் 356 கன செண்டிமீட்டர். எடை 1,000 இறாத்தலுக்கும் குறைவு என்பதால் அக்காலத்துப் பாதுகாப்பு விதிகள் அதனைக் கட்டுப்படுத்தவில்லை. கன்சூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் இதழ் அக்காரைச் சோதித்து, ஏற்கத்தக்கதன்று என்று 1969-இல் தீர்ப்பளித்தது. விற்பனை படுத்துவிட்டது. மலிவு ஒன்றையே நம்பிய வாணிகம் எவ்வாறு முடியும் என்பதற்கு இது சான்று. பின்னர்ப் பெரிய, வலிய கார்களைக் கொண்டுவந்த பிறகே சுபாரு என்னும் பெயர் அந்நாட்டில் மதிப்புப் பெற்றது.

எஞ்சியவையும் மறைந்தவையும்

இன்று இக்கார்களைத் தேடுவோருக்கு ஒரு வேறுபாடு கண்கூடு. 1959-இல் மட்டும் ஓர் இலட்சத்தளவு விற்ற டோஃபின், அமெரிக்காவில் காண்பதற்கு அரியதாகிவிட்டது. துரு தின்றது பாதி. உறுப்புக் கிடைக்காமல் பழைய இரும்புக் கடைக்குச் சென்றது மீதி. எட்டு ஆண்டுக் காலத்தில் மொத்தமாகவே 95 ஆயிரம் விற்ற மெட்ரோபாலிட்டனோ பழங்கார்க் காட்சிகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. அதன் பிற்கால எந்திரம், எம்.ஜி. விளையாட்டுக் கார்களின் எந்திரத்தோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே அதற்கு வேண்டிய பல உறுப்புகளை இன்றும் தேடிப் பெறலாம். வண்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் அதன் மூடிய கூரைக் கார் 1977-இலும் மெக்சிகோவில் கடைசிக் கார் 2003 சூலை 30-ஆம் நாளும் முடிவுற்றன. இரண்டு கோடியே பதினைந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட அதன் உதிரிச் சாமான்களை இன்றும் பலர் செய்து விற்கின்றனர்.

இதிலிருந்து மற்றொரு கருத்தும் பெறப்படும். செல்வர் வைத்திருந்த பெருங்கார்கள் கொட்டகையில் போற்றிக் காக்கப்பட்டன. எளிய குடும்பங்கள் நாள்தோறும் ஓட்டித் தேய்த்த சிறு கார்கள் தேய்ந்தே மறைந்தன. எஞ்சியுள்ளவற்றை மட்டும் பார்த்து வரலாற்றை எழுதினால், 1950-களின் அமெரிக்கர் அனைவரும் துடுப்பு வைத்த பெருங்கார்களில் பவனி வந்தனர் என்றே எண்ணத் தோன்றும். டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் 2003-இல் திறக்கப்பட்ட லேன் மோட்டார் காட்சிசாலை, ஐரோப்பியச் சிறு கார்களைச் சேர்த்து வைத்து இக்குறையை ஓரளவு நீக்கியிருக்கிறது. மற்றவற்றை முதியோரின் நினைவுகளே காத்து வருகின்றன. நினைவு மறையுமுன் அவற்றைக் குறித்து வைப்பது வரலாறு கற்போர் கடமை.

கார் ஒன்றை விற்பது ஒரு நாள் வேலை. அது பத்தாண்டு ஓடவேண்டும் என்பது வாங்கியவரின் எதிர்பார்ப்பு. அந்தப் பத்தாண்டுக்கும் துணைநிற்க முன்வந்தவர்கள் வாழ்ந்தனர். விற்ற அன்றே கைகழுவியவர்கள் வந்த வழியே திரும்பினர். பொருளின் அழகு வாங்குபவரைக் கடைக்கு அழைத்து வரும். அடுத்த முறையும் அவரை அதே கடைக்கு வரச்செய்வது, பழுதுற்ற நாளில் கைகொடுத்த நாணயம் ஒன்றே.